முன்னால் ஓர் ஊர்ப்பெயர்

பென்னாகரம் பக்கத்தில் எங்கள் ஊரில் பாரதம் என்றால் பதினெட்டு நாள். பகலில் திரௌபதி அம்மன் கோயில் பந்தலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்வார். அதே கதையை ராத்திரி பத்து மணிக்கு மேல் கூத்துக்காரர்கள் ஆடிக் காட்டுவார்கள். படித்தவர்கள் அதைத் தெருக்கூத்து என்பார்கள். எங்களுக்கு அது 'நாடகம்'. "இன்னிக்கு என்ன நாடகம்?" என்று கேட்டு "கர்ண மோட்சம்" என்று பதில் வந்துவிட்டால், அன்றைக்கு ஊரில் ஒரு கிழவியும் தூங்க மாட்டாள்.

1980களின் தொடக்கத்தில், நான் பள்ளிக்கூடச் சிறுவனாக இருந்தபோது, அப்படி ஒரு ராத்திரியில் கர்ணன் வேஷம் கட்டிய கூத்து வாத்தியாரை முதல் வரிசையில் கோணிப்பையில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் ஆள் தெரியவில்லை, குரல்தான் வந்தது. இரண்டு பேர் பிடித்திருந்த திரைக்குப் பின்னால் நின்று ஒரு விருத்தம் பாடினார். தாளம் கிடையாது. ஆர்மோனியம் அவரைத் தேடிக்கொண்டு பின்னால் போனது. திரை விலகியதும் மிருதங்கம் சேர்ந்தது, பாட்டு தருவாக மாறி ஆட்டம் சூடு பிடித்தது. நடுச்சாமத்தில் கட்டியங்காரனோடு வாய்ச்சண்டை. எங்கள் பக்கம் கன்னடம் பேசுகிற வீடும் தெலுங்கு பேசுகிற வீடும் உண்டு என்பதால் அந்த இரண்டு மொழியிலும் துண்டு துண்டாகப் பாட்டு வந்து விழுந்தது, கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. இரண்டு மணிக்குக் கூட்டம் கண்ணயர ஆரம்பித்ததும், அந்த வருஷம் கொட்டாயில் ஓடிய ஒரு சினிமாப் பாட்டின் மெட்டை எடுத்தார். அதில் கர்ணனின் சொற்களை உட்கார வைத்தார். தூங்கிக் கொண்டிருந்த வாலிபர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நான்கு மணி வாக்கில் கர்ணன் போர்க்களத்துக்குப் புறப்பட, பொன்னுருவி வேஷம் கட்டியவர் அழுது பாடினார். அது சாவு வீட்டு மெட்டு. எங்கள் தெருப் பெண்கள் மாரடித்துப் பாடுகிற அதே ஒப்பாரி. என் பக்கத்திலிருந்த ஆயா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

விருத்தம், தரு, எல்லையோரக் கன்னடம், சினிமா மெட்டு, ஒப்பாரி. எல்லாம் ஒரே ராத்திரிக்குள், ஒரே மண்தரையில். எது எந்த வகை என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. ஒரு கிராமியப் பாடகர் வகைகளைத் தாண்டிப் பாடுகிறார் என்று இன்றைக்குப் பத்திரிகைகள் புதுமையாக எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த வாத்தியார்தான் ஞாபகத்துக்கு வருகிறார். தாண்டுவது அவருக்குத் தொழில். விடிகிற வரைக்கும் ஊரை விழிக்க வைக்க வேண்டுமென்றால் ஒரே வகையைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது.

அந்தக் குரல் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். சுருதி ஐந்து கட்டை. மூங்கிலில் தொங்கிய ஒரே மைக்கை நம்பி அவர் பாடவில்லை. அவர் கற்றுக்கொண்டது மைக் இல்லாத காலத்தில். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது வலது உள்ளங்கையைக் காதில் வைத்துக்கொள்வார், தன் குரல் தனக்குக் கேட்பதற்காக. தலையில் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடம், தோளில் புஜக்கட்டை, காலில் சலங்கை. இவ்வளவு பாரத்தோடு சுற்றிச் சுற்றி வந்து பாடுகிறவரின் மூச்சு எவ்வளவு பெரியது என்று பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. விடிந்ததும் முகத்து அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, அதே மனிதர் காலையில் வேறொருவர் காட்டில் கேழ்வரகுக் களைக்குக் குனிந்து நின்றார். எங்கள் அப்பா அவரைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு "வாத்தியாரே, ராத்திரி நல்லா இருந்ததுங்க" என்றார். அவ்வளவு மரியாதை. ஆனால் கூலி எல்லோருக்கும் உள்ள கூலிதான்.

அவர் பெயர் அடுத்த தாலுகாவில் தெரியாது. அரூரில் கேட்டால் அரூர் வாத்தியாரைச் சொல்வார்கள். பாலக்கோட்டில் கேட்டால் பாலக்கோட்டு வாத்தியாரை.

ஆண்களுக்காவது இந்த மேடை இருந்தது. பெண்களின் பாட்டுக்கு மேடை இல்லை, வேலை இருந்தது. கேழ்வரகு நாற்று நடும்போதும், கடலைக்காய் பறிக்கும்போதும், சாமை குத்தும்போதும் அவர்கள் பாடினார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், வரிசை முழுக்கத் திருப்பிச் சொல்லும். எங்கள் ஆயா எடுத்துக் கொடுக்கிறவள். அவளுக்குத் தாலாட்டும் தெரியும், நடவுப் பாட்டும் தெரியும், கும்மியும் தெரியும், சாவுக்குப் போனால் செத்தவரின் குணத்தை அங்கேயே கட்டிப் பாடவும் தெரியும். யாரும் அவளைப் பாடகி என்று சொன்னதில்லை. அவளும் அப்படி நினைத்ததில்லை. "அவளுக்குப் பாட வரும்" என்பார்கள், சோறாக்க வரும் என்பது மாதிரி.

அந்த ஆயாவை ஒருநாள் கொட்டாய்க்கு அழைத்துப் போனோம். 1985 கடைசியில் வந்த பாண்டியராஜனின் 'ஆண் பாவம்' எங்கள் ஊர்ப் பக்கம் வந்து சேர்ந்த சமயம். திரையில் பாட்டியாக வந்தவர் கொல்லங்குடி கருப்பாயி. சிவகங்கைச் சீமையில் வயல் வேலையில் பாடிக்கொண்டிருந்தவர், வானொலிக்குப் போய்ப் பாடியவர், அங்கிருந்து சினிமாவுக்கு வந்தவர். சினிமாவுக்காக அவர் குரலை மாற்றிக்கொள்ளவில்லை. களத்துமேட்டில் எப்படிக் கேட்குமோ அப்படியே கேட்டது. ஆயா என் கையைப் பிடித்து, "டேய், இவ நம்மளாட்டம் பாடுறாடா" என்றாள். படத்தின் கதை அவளுக்குப் பிறகு ஞாபகம் இல்லை. தன்னைப் போல ஒருத்தி அந்தப் பெரிய துணியில் நின்று பாடினாள் என்பது மட்டும் சாகும் வரைக்கும் ஞாபகம் இருந்தது.

கருப்பாயி அம்மாவுக்கு 1993இல் கலைமாமணி விருது கிடைத்தது. 2025 ஜூனில், 99ஆம் வயதில், காலமானார். ஏறக்குறைய நூறு வருஷ வாழ்க்கையில் வயல், வானொலி, சினிமா என மூன்று உலகங்களில் பாடியிருக்கிறார். ஆனால் கடைசி வரை அவர் பெயருக்கு முன்னால் கொல்லங்குடி நின்றது.

அடுத்தடுத்து வந்த பெயர்களைப் பாருங்கள். புஷ்பவனம் குப்புசாமி. தேக்கம்பட்டி சுந்தரராஜன். பரவை முனியம்மா. கர்நாடக சங்கீதக்காரர்களுக்கும் செம்மங்குடி, அரியக்குடி என்று ஊர்ப்பெயர் உண்டுதான். அங்கே அது ஒரு பாணியையும் பரம்பரையையும் சொல்லும். இவர்களுக்கு அது வேறொன்றைச் சொல்கிறது: இந்தக் குரல் என் தனிச்சொத்து இல்லை, இந்த ஊர்க்காரர்கள் என் வாயில் போட்டது.

இவர்களில் வகை தாண்டிய பயணத்தை முழுசாகக் காட்டுகிற வாழ்க்கை பரவை முனியம்மாவுடையது. மதுரையை ஒட்டினாற்போல் இருக்கிற பரவை அவர் ஊர். சினிமா கூப்பிடுவதற்கு முன்பே பல பத்தாண்டுகள் கோயில் திருவிழாக்களிலும் கலைநிகழ்ச்சி மேடைகளிலும் பாடியவர். 2003 பொங்கலுக்குத் தரணி இயக்கிய 'தூள்' வந்தது. வித்யாசாகர் இசை. விக்ரம் அடியாட்களைப் புரட்டி எடுக்கிற சண்டைக் காட்சியில், நடுவே ஒரு வயதான அம்மாள் நின்று பாடுகிறார். சண்டைக்குப் பின்னணி இசை போடுவதுதான் வழக்கம். இங்கே ஒரு கிழவியின் குரல்தான் சண்டையை நடத்தியது. அந்தப் படத்தை நான் தருமபுரியில் ஒரு தியேட்டரில் பார்த்தேன். அவர் வாயைத் திறந்ததும் விசில் பறந்தது. கதாநாயகனுக்குப் பறக்க வேண்டிய விசில் அது. எனக்கோ இரண்டு மணிக்குச் சினிமா மெட்டை எடுத்துக் கூட்டத்தை எழுப்பிய எங்கள் வாத்தியார் கண்முன் வந்தார். அவர் சினிமாவைக் கூத்துக்குள் கொண்டு வந்தார். முனியம்மா கூத்தையும் கும்மியையும் சினிமாவுக்குள் கொண்டு போனார். பாதை ஒன்றுதான், திசை வேறு.

அதற்குப் பிறகு அவர் நிறையப் படங்களில் நடித்தார், தொலைக்காட்சியில் கிராமத்துச் சமையல் செய்து காட்டினார். 2014இல் 'மான் கராத்தே'யில் அனிருத் இசையில் சிவகார்த்திகேயனோடு சேர்ந்து ராயபுரத்துக் குத்துப் பாட்டுப் பாடினார். கோயில் முளைப்பாரிக்குப் பாடிய தொண்டை வடசென்னைக் கானாவின் துள்ளலுக்கும் ஈடு கொடுத்தது. அதைக் கேட்டவர்கள் ஒரு கிழவியை வேடிக்கைக்காகப் பாட வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. தாளத்தில் அவர் சொற்களை வெட்டிப் போடுகிற இடத்தைக் கவனியுங்கள். கும்மியில் கைதட்டு விழுகிற இடத்தில்தான் வெட்டுகிறார். அது ஒரு வாழ்நாள் பயிற்சி.

ஆனால் அந்த விசிலும் கைதட்டலும் மருந்துச் செலவுக்கு ஆகவில்லை. 2015இல் உடல்நலமில்லாமல் கஷ்டப்படுகிறார் என்ற செய்தி வந்தது. அன்றைய முதல்வர் ஜெயலலிதா 6 லட்சம் ரூபாயை வைப்பு நிதியாக்கி, அதன் வட்டி மாதாமாதம் அவருக்குக் கிடைக்கச் செய்தார். 2020 மார்ச் 29இல் முனியம்மா இறந்தார். நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிய ஐந்தாம் நாள். எத்தனையோ சாவு வீடுகளில் ஒப்பாரி கேட்டிருக்கும் ஊர், தன் பாட்டுக்காரிக்குக் கூட்டமாகக் கூடி அழ முடியாத நாளில் அவர் போனார். அந்தச் செய்தியைப் படித்த காலை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கொல்லங்குடி, பரவை, புஷ்பவனம். இந்த வரிசையில் பென்னாகரம் ஏன் இல்லை? அரூர் ஏன் இல்லை? பாப்பாரப்பட்டி ஏன் இல்லை? குரல் இல்லாத மண்ணா இது? சங்க காலத்திலேயே தகடூர் அதியமான் வாசலில் பாணரும் விறலியரும் யாழோடு வந்து நின்ற மண். ஔவை பாடி நின்றதும் இந்த வாசலில்தான். குரலுக்குக் குறைவே இல்லை. குறைந்தது பாதை. தெற்கே பாட்டைத் தேடிப் போன ஆட்கள் இருந்தார்கள். பாளையங்கோட்டையில் நா. வானமாமலை ஒரு தலைமுறைக்கே நாட்டார் வழக்காற்றைச் சொல்லிக் கொடுத்தார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர் கணவரும் ஊர் ஊராகப் போய்ப் பாட்டைச் சேகரித்தார்கள், சேகரித்ததை மேடையில் பாடியும் காட்டினார்கள். 2018இல் அந்த அம்மாவுக்குப் பத்மஸ்ரீ வந்தது. சிவகங்கைப் பக்கத்துச் சின்னப்பொண்ணுவுக்கு 'தன்னானே' கலைக்குழுவின் கே.ஏ. குணசேகரன் வழிகாட்டினார். பேராசிரியர், பாடகர், 'வடு' எழுதியவர். அவரிடம் வளர்ந்த சின்னப்பொண்ணு 2005இல் 'சந்திரமுகி'யில் பாடினார், 2008இல் 'நாக்க முக்க' பாட்டில் அவர் குரல் நாடு முழுக்கக் கேட்டது. தஞ்சாவூர்ப் பக்கம் கரகாட்ட மேடையிலிருந்து வந்த அந்தோணிதாசன் 'சூது கவ்வும்', 'ஜிகர்தண்டா' என்று ஏறி, 2018இல் 'தானா சேர்ந்த கூட்டம்' படத்தில் சொடக்குப் போட்டுத் தமிழ்நாட்டையே ஆட வைத்தார். ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு ஆசிரியரோ, ஒரு வானொலி நிலையமோ, ஒரு கேசட் கம்பெனியோ இருந்தது. எங்களுக்கு எல்லாமே தூரம். திருச்சி வானொலி கரகரவென்று கேட்கும். பெங்களூர் கன்னடம் தெளிவாகக் கேட்கும்.

எங்கள் மண்ணின் பாட்டும் எழுத்தில் ஏறாமல் போகவில்லை. வானமாமலை தொகுத்து 1964இல் வந்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' நூலைப் புரட்டினால் அரூர் என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். கவிஞர் சடையப்பன் அங்கிருந்து திரட்டிக் கொடுத்தவை. அந்தப் பக்கங்களை முதல்முறை பார்த்தபோது என் கை நின்றுவிட்டது. ஆயா எடுத்துக் கொடுக்கிற மாதிரிப் பாட்டுகள், எங்கள் பேச்சு, எங்கள் காடு. சொல் எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் அச்சில் குரல் ஏறாது. எந்த இடத்தில் இழுத்தார்கள், எங்கே மூச்சு வாங்கினார்கள், எந்தச் சொல்லில் வரிசை சிரித்தது என்பதெல்லாம் அந்தக் காட்டோடு போய்விட்டது.

இன்றைக்கு வருவோம்.

போன சில வருஷங்களில் எங்கள் பக்கத்துப் பாரதங்களுக்கு விடாமல் போய்க்கொண்டிருக்கிறேன். அர்ச்சுனன் தபசு மரம் இப்போதும் அதே உயரத்துக்கு நடப்படுகிறது. படுகளத்தன்று துரியோதனனை மண்ணில் படுக்க வைத்துப் பெரிசாக உருவம் செய்கிறார்கள், திரௌபதி கூந்தல் முடிக்கிறாள், சாயங்காலம் தீமிதி. இதில் ஒன்றும் குறையவில்லை. தலைக்கட்டு வரி போட்டு வசூலிப்பது கூடியிருக்கிறது. பெங்களூரிலும் திருப்பூரிலும் கட்டட வேலைக்கும் கம்பெனிக்கும் போன பிள்ளைகள் அனுப்புகிற பணம் அது.

மாறியிருப்பது ராத்திரி. கூத்துக்காரரின் சட்டையில் கம்பியில்லா மைக் குத்தியிருக்கிறது. ஆர்மோனியம் இருந்த இடத்தில் பல கூத்துச் செட்களில் கீபோர்டு. மிருதங்கத்தோடு ரிதம் பேடும் சேர்ந்துவிட்டது. ரேடியோ செட்காரர் எக்கோவைத் திருகி வைத்துவிட்டால் விருத்தம் குகைக்குள் பாடின மாதிரிக் கேட்கிறது. மைக் வாயருகே வந்துவிட்டதால் காதில் கை வைக்கிற பழக்கம் இளைய பையன்களிடம் இல்லை. மேல் ஸ்தாயியை எட்டிப் பிடிக்கத் தேவையில்லாததால் சுருதியும் இறங்கியிருக்கிறது. சில செட்களில் பொன்னுருவியாகப் பெண்களே வேஷம் கட்டுகிறார்கள். இது எனக்குப் பெரிய சந்தோஷம். சாவு வீட்டில் பாடிய குரல், ஆணின் வாயைக் கடன் வாங்காமல், தானே மேடைக்கு வந்துவிட்டது.

மூங்கில் கம்பத்தின் ஓரத்தில் ஒரு பையன் செல்போனை நிறுத்தி வைத்திருக்கிறான். யூடியூபில் நேரலை. பெங்களூரில் வாடகை அறையில் படுத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பையன்கள் கர்ண மோட்சம் பார்க்கிறார்கள். மேடைக்கு முன்னால் இரண்டு மணிக்கு நாற்பது பேர் இருந்தால், போனுக்குள் அதைவிடப் பெரிய கூட்டம். அன்றைக்கு அடுத்த தாலுகாவில் பெயர் தெரியாத வாத்தியாருக்கு இன்றைக்கு மாவட்டம் தாண்டி ரசிகர்கள். அரூரில் ஆடினால் கிருஷ்ணகிரியிலிருந்து பைக்கில் வருகிறார்கள். இதைக் கேவலமாகப் பேசுகிற பெரியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வாத்தியாரின் குரலைப் பிடித்து வைக்க ஒருத்தர்கூட இல்லாமல் போன காலத்தைப் பார்த்தவன் நான்.

கல்யாண மண்டபங்களில் இன்னிசைக் கச்சேரி. அங்கே பாடுகிற பெண்பிள்ளைகளும் பையன்களும் தூள் பாட்டைப் பாடுகிறார்கள், அந்தோணிதாசனைப் பாடுகிறார்கள். 2021இல் 'கர்ணன்' படத்தில் கிடக்குழி மாரியம்மாள் பாடியதையும் பாடுகிறார்கள். அந்தப் பெயரிலும் முன்னால் ஒரு ஊர் நிற்பதைக் கவனிக்க வேண்டும். நம் வயலிலிருந்து போன மெட்டு சென்னை ஸ்டூடியோவில் குளித்து உடுத்திக்கொண்டு மறுபடி நம் மண்டபத்துக்கே வருகிறது. கேட்கிற பெண்கள் அதைச் சினிமாப் பாட்டு என்று ரசிக்கிறார்கள். அவர்களுடைய ஆயாவின் பாட்டு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

வயலிலோ சத்தம் இல்லை. இதற்கு டிவியையும் செல்போனையும் குறை சொல்லிவிடுவது சுலபம். வேலையே மாறிவிட்டது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நடவுப் பாட்டுக்கு ஒரு வரிசை வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்து, ஒரே வேகத்தில் பின்னால் நகர வேண்டும். கேழ்வரகும் சாமையும் இருந்த பல காடுகளில் இப்போது தக்காளி, மரவள்ளி, பட்டுப்பூச்சிக்கு முசுக்கொட்டை. தக்காளி பறிப்பவள் கிரேடுக் கணக்கில் பறிக்கிறாள். விடிவதற்குள் பாலக்கோட்டு மண்டிக்கு வண்டி போக வேண்டும். அவளுக்கு அவளுடைய வேகம், பக்கத்தில் இருப்பவளுக்கு அவளுடைய வேகம். ஒருத்தி எடுத்துக் கொடுத்து இன்னொருத்தி வாங்கிக்கொள்ள அங்கே வரிசை கிடையாது. போன தை மாதம் ஒரு தக்காளிக் காட்டில் நின்று பார்த்தேன். ஆறு பெண்கள், ஆறு பேர் காதிலும் ஒயர். ஒருத்தி மட்டும் கேட்கிற பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்துக் கொண்டிருந்தாள். நல்ல குரல். மற்ற ஐந்து பேருக்கும் அது கேட்கவில்லை.

வகைகளைத் தாண்டுவதற்குத் தடை அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. நிற்கிற இடம்தான் மாறியிருக்கிறது. அமெரிக்காவில் 'கன்ட்ரி' என்று ஒரு பாட்டு வகை. அவர்களுடைய கிராமத்துப் பாட்டு. 2019இல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞன் ராப்பையும் கன்ட்ரியையும் குழைத்து ஒரு பாட்டுப் பாடினான். பில்போர்டு பத்திரிகை அதைக் கன்ட்ரிப் பட்டியலிலிருந்து தூக்கியது. அதே பாட்டு பொதுப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. நம் பக்கத்தில், 2022இல், அட்டப்பாடி மலையின் இருளர் பாடகி நஞ்சியம்மாவுக்கு 'அய்யப்பனும் கோஷியும்' படத்துப் பாட்டுக்காகத் தேசிய விருது அறிவித்தார்கள். சங்கீதம் முறையாகப் படிக்காதவருக்கு விருதா என்று சில இசைக்காரர்கள் கேட்டார்கள். ஆடு மேய்த்துக்கொண்டு பாடியவர் அவர். அந்தப் பாட்டைச் சுருதிப் பெட்டி அளக்குமா? ஒகேனக்கல் காட்டோரம் எங்கள் இருளர் குடியிருப்புகளிலும் அப்படிப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடி ஒரு இயக்குநர் இன்னும் வரவில்லை.

ஊருக்குள் இருக்கிற வேலி அதைவிடப் பழையது. எந்த மேளம் எந்தத் தெருவுக்குள் போகலாம், ஒப்பாரிக்கு யாரைக் கூப்பிடலாம், அவர்களை எங்கே உட்கார வைக்கலாம் என்பதையெல்லாம் சாதிதான் முடிவு செய்தது. ஆயா அழுது கேட்ட அந்த ஒப்பாரி மெட்டை மிக அழகாகப் பாடியவர்கள் காலனிப் பெண்கள். அவர்கள் பாரதப் பந்தலுக்கு வெளியே நின்றுதான் கூத்துப் பார்த்தார்கள். இன்றைக்கு அந்தத் தெருப் பையன் ஒருவன் கல்லூரியில் படித்துவிட்டுக் கூத்தில் அபிமன்னன் வேஷம் கட்டுகிறான் என்றால், அதுதான் இந்த மாவட்டத்தில் நடந்திருக்கிற பெரிய தாண்டல். அவன் பாட்டில் ராப் இருக்கிறதா, ராகம் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்.

அரசாங்கத்திடம் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. மாவட்டக் கலை மன்றம் வயதுக்குத் தகுந்தபடி கலை இளமணியில் தொடங்கிக் கலை முதுமணி வரை விருது கொடுக்கிறது. நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவித் தொகையும் உண்டு. இவை காகிதத்தில் இருப்பவை அல்ல, வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் மனுப் போடத் தெரிந்தவருக்குத்தான் வருகிறது. எங்கள் வாத்தியார் சாகும்வரை எந்த மனுவும் போடவில்லை. கலைஞர் என்று தன்னை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. வேலை என்ன என்று கேட்டபோதெல்லாம் கூலி என்றே சொல்லியிருக்கிறார். அவர் பாடியதில் ஒரு நிமிஷம்கூட யாரிடமும் இல்லை. அவர் மகன் வீட்டுச் சுவரில் புஜக்கட்டை ஒன்று தொங்குகிறது, கண்ணாடித் துண்டுகள் பாதி உதிர்ந்து.

வருகிற சித்திரையிலும் வைகாசியிலும் தருமபுரி மாவட்டத்தில் எங்காவது ஒரு ஊரில் பாரதம் நடக்கும். பந்தலைக் கண்டால் பஸ்ஸை விட்டு இறங்குங்கள். இரண்டு மணிக்கு எழுந்து போய்விடாதீர்கள், பொன்னுருவி அழுகிறவரை இருங்கள். விடிந்ததும் அரிதாரம் துடைக்கிற இடத்துக்குப் போய் அவர் பெயரைக் கேளுங்கள். எந்த ஊர், யாரிடம் கற்றுக்கொண்டீர்கள், வாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். பதியவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து மனுவை எழுதிக் கொடுங்கள். வீட்டில் பாட வருகிற ஆயா இருந்தால் இன்றைக்கே போனை முன்னால் வைத்துப் பாடச் சொல்லுங்கள், வெட்கப்படுவாள், விடாதீர்கள். பதிந்ததை எங்கே போட்டாலும் பாடியவர் பெயரைப் போடுங்கள். பெயருக்கு முன்னால் ஊரையும் எழுதுங்கள்.